கடலூரின் ஸ்கேவெஞ்சர்

சுங்குவார்சத்திரத்தில் ஒரு தொழிற்சாலைக்கு நாங்கள் மென்பொருள் மாற்றிக்கொண்டிருந்தோம். பழைய சிஸ்டத்தில் பல வருடங்களாகச் சேர்ந்த தரவுகளைப் புதியதற்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே சப்ளையர் மூன்று பெயர்களில் இருப்பார், ஒரே போல்ட்டுக்கு ஐந்து குறியீடுகள் இருக்கும். எங்கள் மொழியில் இதற்குப் பெயர் 'டேட்டா கிளென்சிங்'. பி.இ. படித்து, பன்னிரண்டு வருடம் ஐடியில் இருந்துவிட்டு, கடைசியில் நான் செய்வதும் கூட்டிப் பெருக்குகிற வேலைதான் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

அந்த எக்செல் தாளில் ஒரு வரி வந்தது. செலவுத் தலைப்பு: 'ஸ்கேவெஞ்சிங் சார்ஜஸ்'. பக்கத்து சீட்டில் இருந்த காஞ்சிபுரத்துக்காரப் பையன் எட்டிப் பார்த்தான். "ஜி, அந்த வார்த்தைய மொதல்ல தூக்குங்க. ஆடிட்ல மாட்டும்" என்றான். 'ஹவுஸ்கீப்பிங்' என்று மாற்றினேன். ஐந்து நொடி வேலை. அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஆனால் வார்த்தை போகவில்லை. ஏனென்றால் அது எனக்கு ஏற்கெனவே இரண்டு முறை அறிமுகமான வார்த்தை. முதல் முறை கல்லூரியில், தெர்மல் இன்ஜினியரிங் வகுப்பில். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்து முடிந்த புகையை, புதிதாக உள்ளே வரும் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையே வெளியே தள்ளும். அதற்குப் பெயர் ஸ்கேவெஞ்சிங். ஆர்எக்ஸ் 100 வைத்திருந்த சீனியர்களுக்கு அந்தப் பாடம் மட்டும் மனப்பாடம். இரண்டாவது முறை வேலைக்கு வந்த பிறகு. குரோம் பிரவுசருக்கும் நோட்.ஜேஎஸ்ஸுக்கும் அடியில் ஓடும் வி8 எஞ்சினில், நினைவகத்தைச் சுத்தம் செய்யும் ஒரு பகுதிக்குப் பெயரே 'ஸ்கேவெஞ்சர்'. 1984-இல் டேவிட் அங்கர் 'ஜெனரேஷன் ஸ்கேவெஞ்சிங்' என்ற முறையை எழுதினார், அதன் வழிவந்தது இது. இந்த இரண்டு இடங்களிலும் அந்த வார்த்தையைச் சொல்ல யாரும் கூச்சப்படவில்லை. பரீட்சையில் எழுதினால் மார்க், இன்டர்வியூவில் சொன்னால் வேலை. மூன்றாவது இடத்தில், ஒரு மனிதர் செய்யும் வேலைக்குப் பெயராக வந்தபோது மட்டும் ஆடிட்டுக்கு முன் அழிக்க வேண்டியதாகிவிட்டது.

ஏன் என்று தேடப் போனேன். தேடல் லண்டனில் ஆரம்பித்துக் கடலூரில் வந்து நின்றது.

*

'ஸ்கேவெஞ்சர்' என்ற சொல்லில் முதலில் குப்பையே கிடையாது. இருந்தது வரி.

இடைக்கால லண்டனில், நகரத்தைச் சேராத வணிகர்கள் சரக்கு கொண்டுவந்து விற்றால் அதற்கு நகரம் ஒரு தீர்வை வாங்கும். பெயர் 'ஸ்கேவேஜ்'. மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டும், அதிகாரி பார்ப்பார், பார்த்ததற்குக் காசு. நாம் ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டில் கட்டுவது மாதிரி என்று சொல்லலாம், ஆனால் டோல்கேட்டில் யாரும் டிக்கியைத் திறந்து பார்ப்பதில்லை. அங்கே பார்ப்பதுதான் வேலை. அந்தப் பெயரே 'பார்வையிடுதல்' என்று பொருள்படும் வடபிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கும் ஒரு ஜெர்மானிய வேர். பழைய ஆங்கிலத்தில் அதே வேரிலிருந்து வந்த சொல்லுக்கு 'பார்' என்று பொருள், அதுதான் பின்னாளில் பொருள் திரும்பி 'ஷோ' ஆனது. ஜெர்மன்காரர்கள் இன்றும் பார்ப்பதற்கு 'ஷாவன்' என்கிறார்கள்.

ஸ்கேவேஜ் வசூலித்தவர் 'ஸ்கேவேஜர்'. நடுவில் ஒரு 'ன்' எப்படி வந்தது? 'பேஸேஜ்' போகிறவர் 'பாசெஞ்சர்' ஆனதும், 'மெசேஜ்' கொண்டுவருபவர் 'மெசெஞ்சர்' ஆனதும் எப்படியோ அப்படித்தான். வாய் சும்மா இருக்காமல் ஒரு மெல்லெழுத்தைச் சேர்த்துக்கொள்கிறது. இன்னொன்று. ஆங்கிலத்தில் முதலில் வந்தது ஆள். அவர் பெயரிலிருந்து பின்னோக்கி உருவானதுதான் 'ஸ்கேவெஞ்ச்' என்ற வினை. வினையைச் செய்பவருக்குப் பெயர் வைப்பதுதான் வழக்கம், இங்கே பெயரிலிருந்து வினை பிறந்திருக்கிறது.

வேரை இன்னும் கீழே தோண்டினால் சொற்பிறப்பியலாளர்கள் வேறு சில சொந்தக்காரர்களையும் காட்டுகிறார்கள். 'கவனி, உணர், பார்' என்ற பொருளுள்ள ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'காஷன்', அதாவது எச்சரிக்கை, அந்தக் குடும்பம். சமஸ்கிருதத்தின் 'கவி'யையும் அதே குடும்பத்தில் சேர்க்கிறார்கள். கவி என்றால் முதலில் பார்க்கிறவர், ஞானி, பிறகுதான் பாடுகிறவர். இலக்கிய இதழ் படிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். நம்மைக் கவி என்று அழைத்தால் மேடையேறுகிறோம். தூரத்துப் பங்காளியின் பெயரைச் சொன்னால் அது வசவு.

1503-இல் ஏழாம் ஹென்றியின் ஆட்சியில் ஸ்கேவேஜ் தீர்வையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே அந்த அதிகாரிகளுக்கு வேறொரு பொறுப்பும் வந்திருந்தது. தெருத்தெருவாகப் போய்ப் பார்க்கிறவர்தானே, தெரு சுத்தமாக இருக்கிறதா என்பதையும் பார்க்கட்டும் என்று நகரம் முடிவெடுத்தது. அப்போதும் ஸ்கேவெஞ்சர் துடைப்பத்தைத் தொடவில்லை. கூட்டி அள்ளுவதற்கு 'ரேக்கர்' என்று தனி ஆட்கள். ஸ்கேவெஞ்சர் மேற்பார்வை, ரேக்கர் கைவேலை. காலப்போக்கில் மேற்பார்வையாளரின் பட்டம் கைவேலைக்காரருக்கு இறங்கியது. மேற்பார்வையாளர்கள் வேறு புதிய பட்டங்களோடு மேலே போய்விட்டார்கள். பட்டம் இறங்கியது, அதோடு சேர்ந்து வரவேண்டிய அதிகாரம் இறங்கவில்லை. இந்தக் கதையின் முடிச்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

*

இனி கடலூர்.

1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டையை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் எலிஹு யேல் கவர்னர். ஒப்பந்தப்படி கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரத்து நிலமும் ஊர்களும் கம்பெனிக்கு. நாலா பக்கமும் சுட்டார்கள். அப்படி வந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். கோட்டைக்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் தங்கள் ஊழியர் பட்டியலை லண்டனுக்கு அனுப்புவார்கள். 1702 பிப்ரவரிப் பட்டியலில் செயின்ட் டேவிட் கோட்டையின் கவுன்சில் உறுப்பினர்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஐந்தாவது உறுப்பினர் ட்ரெவர் கெய்ன்ஸ். அவருடைய பதவி: கடலூரின் லேண்ட் கஸ்டமர் மற்றும் ஸ்கேவெஞ்சர். கொஞ்சம் கீழே ஜான் பட், தேவனாம்பட்டினத்தின் ஸ்கேவெஞ்சர் மற்றும் தானிய அளவையாளர். 'கஸ்டமர்' என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அன்றைக்கு அந்தச் சொல்லுக்குச் சுங்க அதிகாரி என்று ஒரு பொருள் உண்டு. இன்று வாடிக்கையாளர். எங்கள் ஆபீசில் அந்தக் கஸ்டமரைப் பார்த்தால் எழுந்து நிற்கிறோம், ஆக ஒரு சொல் ஏறியிருக்கிறது, பக்கத்தில் இருந்த இன்னொரு சொல் இறங்கியிருக்கிறது.

இந்தப் பட்டியலை நமக்கு எடுத்துக் காட்டியவர்கள் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியைத் தொகுத்த யூலும் பர்னலும். 1886-இல் வெளிவந்த அந்த அகராதியில் ஆங்கிலேயர் இந்தியாவில் பேசிய சொற்களைச் சேர்த்தார்கள். கவுன்சில் உறுப்பினர் ஒருவருக்கு ஸ்கேவெஞ்சர் என்ற பட்டமா என்று அவர்களே திடுக்கிட்டுப் போய்த்தான் லண்டனின் பழைய தீர்வையைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அவர்கள் திடுக்கிட்டதே ஒரு சான்று. 1702-இல் ஒரு கனவான் தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட பட்டம், 1886-இல் இரண்டு கனவான்களுக்கு நம்ப முடியாததாகிவிட்டது. சென்னைக் கோட்டையிலும் 'ரென்டல் ஜெனரல் அண்ட் ஸ்கேவெஞ்சர்' என்ற பதவி பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்தது. வாடகையும் வரியும் அவர் கணக்கு, வீட்டுக்காரர்கள் தெருச் சுத்தத்துக்குக் கட்டும் பணமும் அவர் கணக்கு. தெருவைக் கூட்டியவர்கள் யார் என்று அந்தப் பட்டியல்களில் பெயர் இல்லை.

கடலூரில் அந்தக் காலத்தில் ஒரு காலைப்பொழுதை யோசித்துப் பார்க்கிறேன். தலையில் விக், கையில் பிரம்பு, வியர்வையில் நனைந்த கோட்டு. மூட்டைகளைப் பிரிக்கச் சொல்லிப் பார்க்கிறார் கடலூரின் ஸ்கேவெஞ்சர். அவர் பார்த்து "சரி" என்றால் சரக்கு உள்ளே போகும். "இல்லை" என்றால் நிற்கும். அவ்வளவுதான் அந்தப் பதவி. பார்ப்பதும், நிறுத்துவதும்.

*

சொற்கள் இப்படி இறங்குவது புதிதல்ல. 'ஜானிட்டர்' என்றால் லத்தீனில் வாயில்காப்போன். அமெரிக்காவில் அவர் கையில் மாப் வந்துவிட்டது. 'கன்சர்வென்சி' என்பது தேம்ஸ் நதியின் உரிமைகளைக் காக்கும் மன்றத்துக்குப் பெயர். இந்தியாவுக்கு வந்ததும் நகரசபையின் கழிவகற்றும் பிரிவாகி, பழைய நகரங்களில் வீடுகளின் பின்பக்கத்துக் குறுகிய சந்துக்கு 'கன்சர்வென்சி லேன்' என்ற பெயராக மிஞ்சியது. முன்வாசல் வழியாக வரக் கூடாதவர்கள் வந்து போவதற்காக விட்ட சந்து.

தமிழிலும் அப்படி ஒரு சொல் உண்டு. 'தோட்டி' என்பது ஒரு காலத்தில் கிராமப் பணியாளர் ஒருவரின் பெயர். சேதி கொண்டுபோவது, ஊருக்கான சில்லறை வேலைகளைப் பார்ப்பது, அதற்கு ஊர் தரும் மானியம். ஹாப்ஸன்-ஜாப்ஸனும் அவரை ஊருக்குத் தூது போகிறவர் என்றே குறிக்கிறது. அவர்களை ஊர் அன்றைக்கும் தாழ்த்தித்தான் வைத்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை அது. நகரங்கள் வளர்ந்து எடுப்புக் கக்கூஸ் வந்தபோது அந்தப் பெயர் மலம் அள்ளுகிறவருக்கு என்றே ஆகிப்போனது. தகழி 1947-இல் 'தோட்டியின் மகன்' எழுதும்போது ஆலப்புழையில் அந்த வேலையைச் செய்தவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி.

லண்டனில் நடந்ததற்கும் இங்கே நடந்ததற்கும் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே சொல் மனிதரை விட்டுப் போகலாம், மனிதரும் வேலையை விட்டுப் போகலாம். ரேக்கரின் மகன் தையற்காரனாகலாம். இங்கே சாதி, வேலையைப் பிறப்போடு கட்டிவைத்தது. நகராட்சிகள் அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை. அதையே ஆளெடுக்கும் முறையாக எடுத்துக்கொண்டு, பதிவேட்டில் 'ஸ்கேவெஞ்சர்' என்று ஆங்கிலத்தில் எழுதினார்கள். சுங்க அதிகாரியின் பட்டம் இப்படித்தான் ஒரு சில சாதிகளின் தலையில் வந்து உட்கார்ந்தது.

1993-இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த முதல் மத்தியச் சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-இல் இன்னொன்று. இரண்டின் பெயரிலும் 'மேனுவல் ஸ்கேவெஞ்சர்ஸ்' இருக்கிறது. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013 சட்டம் 'ஆபத்தான துப்புரவு' என்று தனியாகவே தடுக்கிறது. 1993-இலிருந்து அப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்று அர்த்தம்.

*

தமிழ்நாடு அரசு 2020-இல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. மரியாதைக்காகச் செய்தது, நல்லதுதான். ஆனால் 'துப்புரவு' ஒன்றும் கெட்ட வார்த்தையாகப் பிறக்கவில்லை. திருக்குறளில் அந்தச் சொல் வருகிறது. அங்கே அதற்கு உணவு, நுகரும் பொருள் என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். துறவிகளுக்கு இல்லறத்தார் தருவது துப்புரவு. தட்டில் இருந்த சொல் இது.

தமிழில் சுத்தம் செய்வதற்கு நாம் வைத்திருக்கும் வேறு சொற்களைப் பாருங்கள். பாத்திரம் 'விளக்குகிறோம்'. பாடத்தையும் விளக்குகிறோம். இருட்டில் வைப்பது விளக்கு. கூட்டுவது விளக்குமாறு. அழுக்கை எடுப்பதும் புரியவைப்பதும் வெளிச்சம் காட்டுவதும் ஒரே சொல். பாத்திரம் 'துலக்குகிறோம்', போலீஸ்காரர் துப்புத் துலக்குகிறார். என் பாட்டி சொம்பைச் சாம்பல் போட்டுத் துலக்கி வெயிலில் தூக்கிப் பார்ப்பாள். ஓட்டை இருந்தால் அப்போதுதான் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு சொல் 'பார்' என்பதில் தொடங்கிச் 'சுத்தம் செய்' என்பதில் முடிய ஐநூறு வருடப் பயணம் தேவைப்பட்டது. தமிழ் இரண்டையும் பிரிக்கவே இல்லை.

இதை நான் அகராதியில் கண்டுபிடிக்கவில்லை. ஷாப் ஃப்ளோரில்தான் உறைத்தது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு '5எஸ்' பலகை தெரியும். ஜப்பானியர் கொண்டுவந்த ஒழுங்கு. செய்ரி, செய்டோன், செய்ஸோ, செய்கெட்சு, ஷிட்சுகே. மூன்றாவதான செய்ஸோ என்றால் சுத்தம் செய்தல். ஆங்கிலத்திலும் 'எஸ்' எழுத்திலேயே வேண்டும் என்பதற்காக அதை 'ஷைன்' ஆக்கிவிட்டார்கள், அதனால் நம் ஊரில் ஆடிட்டுக்கு முதல் நாள் தரைக்குப் பெயின்ட் அடிப்பதுதான் மூன்றாவது எஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இதற்கு ஒரு வாசகமே உண்டு: சுத்தம் செய்வது என்றால் பரிசோதிப்பது. மெஷினைத் துடைக்கிற கைக்குத்தான் எந்த போல்ட் ஆடுகிறது, எங்கே சூடு, எங்கே கசிவு என்று முதலில் தெரியும்.

நான் வேலை பார்த்த லைனில் தினமும் மெஷின்களுக்கு அடியில் துடைக்கும் ஒரு அக்கா இருந்தார். காண்ட்ராக்ட். ஐம்பது வயதிருக்கும். ஒருநாள் நான் டேப்லெட்டில் ஏதோ சோதித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, இந்த மிஷின் அடியில நேத்து வரைக்கும் காஞ்சி கெடந்துச்சு. இன்னைக்கு ரெண்டு வாட்டி தொடச்சிட்டேன், மறுபடியும் ஈரமாவுது."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா அக்கா?"

"சூப்ரவைசர் சார்கிட்ட சொன்னேன். தொடம்மான்னாரு."

நானும் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மூன்றாம் நாள் அந்த மெஷின் நின்றது. ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு. ஏன் முன்கூட்டியே தெரியவில்லை என்று மீட்டிங் போட்டார்கள். சென்சார் வைக்கலாம் என்று முடிவு. என் கம்பெனிக்கு அதில் ஒரு ஆர்டரும் வந்தது. அந்த மீட்டிங்கில் நான் இருந்தேன். அக்கா சொன்னதை நான் சொல்லவில்லை.

வி8-இன் ஸ்கேவெஞ்சர் எப்படி வேலை செய்கிறது என்பது அப்போதுதான் வேறு மாதிரிப் புரிந்தது. அது குப்பையைத் தொடுவதே இல்லை. நினைவகத்தில் இன்னும் உயிரோடு இருப்பது எது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். உயிருள்ளவற்றைப் பத்திரமாகப் பக்கத்து இடத்துக்கு மாற்றும், வீடு காலி செய்யும்போது வேண்டியதை மட்டும் எடுத்துப்போகிற மாதிரி. மிச்சம் தானாகவே குப்பையாகிவிடும். எதை வைப்பது என்று தீர்மானிப்பது அதுதான். அது ஓடும் நேரத்தில் நாம் எழுதிய நிரல் தேவைப்பட்டால் நின்று வழிவிடும். யாருக்கும் தெரியாமல் நாங்கள் மென்பொருளுக்குள் கடலூரின் பழைய ஸ்கேவெஞ்சரைத்தான் வைத்திருக்கிறோம். பார்க்கிறவர், நிறுத்துகிறவர்.

*

நான் குடியிருந்தது சத்திரத்துக்கு உள்ளே தள்ளி, ஷிஃப்ட் பையன்களுக்காகக் கட்டின வாடகை வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில். இந்தப் பகுதியில் தொழிற்சாலை வந்த வேகத்துக்குக் கட்டிடம் வந்தது, கட்டிடம் வந்த வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. எல்லா வீட்டுக்கும் கீழே டேங்க். நிறைந்தால் லாரி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டிருந்தபோது குழாய் அடைத்துக்கொண்டது. அடியில் சேறு கெட்டிப்பட்டிருக்கும் போல. இருபது வயதுகூட இருக்காது, ஒரு பையன் சட்டையைக் கழற்றினான். வீட்டுக்காரர் மேலிருந்து, "எறங்கி ஒரு கிண்டு கிண்டிட்டு வாப்பா, ரெண்டு நிமிஷம்" என்றார்.

தொழிற்சாலைக்குள் இதே மாதிரி ஒரு குழியில் ஆள் இறங்க வேண்டுமென்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் படிவத்தை மென்பொருளில் வரைந்ததே நான்தான். 'கன்ஃபைண்ட் ஸ்பேஸ் பெர்மிட்'. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளக்க வேண்டும். இடுப்பில் கயிறு, மேலே முக்காலி, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அப்போதே தப்பி ஓடலாம். அளவு 100 பிபிஎம் பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு படி இறங்குவார்கள். இன்னும் பல மடங்கு கூடினால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடலாம். உடம்பிலேயே இருக்கிற பரிசோதகர்தான் முதலில் சாகிறார்.

2019 மார்ச்சில், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய நெமிலியில் ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கில் ஆறு பேர் இறந்தார்கள். ஒருவர் விழ, காப்பாற்றப் போன அடுத்தவர், அவரைக் காப்பாற்றப் போன அடுத்தவர். அதில் ஒரு அப்பாவும் இரண்டு மகன்களும். டேங்குக்குச் சாதி தெரியாது, ஆனால் வழக்கமாக யாரை அதில் இறங்கச் சொல்கிறோம் என்பது நமக்குத் தெரியும்.

நான் போய், "வேணாங்க, இறக்காதீங்க" என்றேன். வீட்டுக்காரருக்குக் கோபம். "சார், வருஷா வருஷம் நடக்கறதுதான்." அந்தப் பையன் என்னைப் பார்க்கவில்லை, வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தான். அவர் என்ன சொல்வார் என்பதற்காகக் காத்திருந்தான். கடைசியில் லாரி டிரைவர்தான், "சார் சொல்றாருல்ல, வுடுடா, தண்ணி வுட்டுக் கலக்கிப் பாக்கலாம்" என்றார். தண்ணீர் விட்டுக் கலக்கி, குழாயை மாற்றிப் போட்டு, ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. வேலை முடிந்தது. அந்தப் பையன் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

அன்றைக்கு நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறுத்தியது. குழியின் விளிம்பில் நின்றவன் அவன். நாற்றம் அவனுக்குத்தான் முதலில் தெரியும். "இறங்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டியவன் அவன். ஆனால் அவன் சொன்னால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். நான் சொன்னதால் நின்றது. சட்டை இஸ்திரி போட்டிருந்தேன், 'சார்' என்பதால் நின்றது. ஞாயிற்றுக்கிழமையாக இல்லாமலிருந்தால் நான் ஆபீசில் இருந்திருப்பேன்.

டொயோட்டாவின் தொழிற்சாலைகளில் லைனுக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். 'ஆண்டான்' கயிறு என்பார்கள். உச்சரிப்பு தமிழ்க் காதுக்கு வேறு மாதிரிக் கேட்கும், ஆனால் பொருள் நேர் எதிர். தப்பு நடக்கிறது என்று பட்டால் லைனில் நிற்கிற எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், சரியாகாவிட்டால் லைன் நிற்கும். ஏன் இழுத்தாய் என்று திட்டக் கூடாது என்பது விதி. அந்தக் கயிறு இல்லாத இடத்தில் எந்தப் பெயர் வைத்தாலும் அது கீழே இறங்கத்தான் செய்யும். ஸ்கேவெஞ்சர் இறங்கியது, தோட்டி இறங்கியது, துப்புரவு இறங்கியது. ஹவுஸ்கீப்பிங்கும் இறங்கும். ஒருமுறை ஒரு ஹெச்.ஆர். மேனேஜர், இனி 'ஃபெசிலிட்டி அசோசியேட்' என்று போடலாமா என்று என்னிடம் கேட்டார்.

*

ப்ராஜெக்ட் முடியும் நேரத்தில் அந்த எக்செல் தாளைத் திரும்பத் திறந்தேன். ஒவ்வொரு வேலைப் பிரிவுக்கும் சிஸ்டத்தில் என்னென்ன உரிமை என்று ஒரு அட்டவணை இருக்கும். ஆபரேட்டருக்குக் குறை பதிவு செய்யலாம்: யெஸ். லைனை நிறுத்தலாம்: யெஸ். மெயின்டனன்ஸுக்கு: யெஸ், யெஸ். ஹவுஸ்கீப்பிங் என்று நான் மாற்றிய வரிக்கு நேரே இரண்டு கட்டமும் 'நோ'. பழைய சிஸ்டத்தில் அந்த இரண்டு உரிமைகளும் அப்படித்தான் இருந்தன. பெயரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு அதை அப்படியே புதியதற்குக் கொண்டுபோயிருந்தேன்.

க்ளையன்ட் பக்கத்து ஐடி ஆளிடம் கேட்டேன். குறை பதிவு செய்யும் உரிமையாவது அவர்களுக்குக் கொடுக்கலாமே, டேப்லெட்டில் ஒரு பட்டன், தமிழில், அவ்வளவுதானே.

"நல்ல ஐடியா ஜி. ஆனா காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு லாகின் கெடையாது. லைசென்ஸ் காஸ்ட் வரும்."

சேஞ்ச் ரிக்வெஸ்ட்டாகப் போட்டு வைத்தேன். காரணம் என்ற கட்டத்தில் அந்த ஹைட்ராலிக் ஹோஸ் நின்றுபோன தேதியையும், அதற்கு மூன்று நாள் முன்னால் ஒருவர் சொன்னதையும், அதைக் கேட்டுவிட்டு நான் மீட்டிங்கில் வாய் திறக்காததையும் எழுதினேன். மூன்று ரிவ்யூ மீட்டிங் போய்விட்டது. நிலை: பெண்டிங்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். கடலூர் கதையையும் சொன்னேன், முந்நூறு வருடத்துக்கு முன்னால் இந்த வேலைக்கு வைத்த பெயரில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார் என்று. மாப்பைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அவரு தொடச்சாரா?"

"இல்லக்கா. பாத்தாரு. அவ்ளோதான்."

"அதத்தான தம்பி நானும் பண்றேன்," என்றார். "தொடைக்கறதும் சேத்து."